பழைய ஃபைலில் புரியாத எழுத்தா? டெலிட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரிலிருந்து, 1998-ல் அப்பா தமிழில் டைப் செய்த ஃபைலை மொபைலுக்கு மாற்றித் திறந்தால், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதா? 'கரப்ட் ஆயிடுச்சு'ன்னு அழிச்சிடாதீங்க. பெரும்பாலும் எழுத்துகள் அப்படியேதான் இருக்கும். படிக்கும் சாவிதான் இல்லை.

சாவி எது?

கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை அன்று ஒவ்வொரு ஃபான்ட்டும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. பாமினியில் டைப் செய்த 'தமிழ்', அந்த ஃபான்ட் இல்லாத போனில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி எனத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என வேறு குறியீடுகளும் இருந்தன. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

புதுச்சேரி வீடுகளில் பிரெஞ்சு ஃபைலுக்கும் இதே கதிதான். ஊரின் பிரெஞ்சுப் பெயரிலேயே, தலையில் சாய்கோடு போட்ட ஓர் எழுத்து உண்டு. டாஸ் காலத்தில் சேமித்ததை விண்டோஸ் முறையில் திறந்தால், அந்த இடத்தில் காற்புள்ளி மாதிரி ஒன்றுதான் நிற்கும்.

மீட்பது எப்படி?

* முதலில் காப்பி எடுங்க. ஒரிஜினலில் கைவைக்க வேண்டாம். மூன்றரை இன்ச் ஃப்ளாப்பி என்றால், மூலையில் உள்ள குட்டிக் கதவை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வையுங்க. தவறுதலாக எதுவும் அழியாது.
* வேர்டு ஃபைலா? கம்ப்யூட்டரில் திறந்து எழுத்தை செலக்ட் செய்தால், மேலே ஃபான்ட் பெயர் தெரியும். அதுதான் சாவி.
* பழைய கம்ப்யூட்டரை காயலான் கடைக்குப் போடும் முன், விண்டோஸுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் காப்பி எடுங்க.
* ஃபைலே திறக்கலையா? இலவச லிப்ரே ஆபீஸில் முயலுங்க. வேர்டுபெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் போன்ற பழைய ஃபைல்கள் பலவற்றையும் அது திறக்கும்.
* ஃபான்ட் பெயர் தெரிந்தால், யூனிகோட் கன்வெர்ட்டரில் போடுங்க. பிறகு 'கொ', 'கோ' எழுத்துகளைச் சரிபாருங்க. பாமினியில் கொம்பு முதலில் வரும், யூனிகோடில் 'க' முதலில் வரும். நடுவே இருக்கும் ஆங்கில வார்த்தைகளும் தமிழாக மாறிக் குழப்பும், கவனம்.

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் இருந்த தமிழ் நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது. அதனால்தான் அவற்றை இன்று போனில் படிக்கிறோம். உங்க அப்பா எழுதியதை மாற்ற உங்களை விட்டா யார் இருக்காங்க?