கண் மங்கிய முதுமையும் செவிவழிப் பொழுதும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய சாந்தியும் அருளும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக.

வில்லியனூர் சுல்தான்பேட்டையின் தெருக்களிலும் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் பார்வை மங்கிய பெரியவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. முழுமையாகக் கண் தெரியாதவர் அல்லர் அவர். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது, எழுத்து தெரியாது. முதலில் நாளிதழ் வாசிப்பு நிற்கிறது. அடுத்து, ரெஹலில் இருக்கும் குர்ஆன் திறக்கப்படாமலே கிடக்கிறது. பிறகு மஃரிபுக்குப் பின் தெருவில் இறங்குவதும், நண்பர் வீட்டுத் திண்ணையில் அமர்வதும் நிற்கின்றன. இறுதியில், "நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள், பேசாமல் உட்காருங்கள்" என்று வீட்டார் அன்போடு சொல்லும் ஒரு சொல்லில் அவருடைய பொழுது முழுவதும் ஒரு நாற்காலிக்குள் அடங்கிவிடுகிறது. சோறும் மருந்தும் வேளை தவறாமல் கிடைக்கின்றன. ஆனால் ஃபஜ்ரிலிருந்து இஷா வரை நீண்டு கிடக்கும் அந்தப் பொழுதை அவர் என்ன செய்வார் என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்விக்கு நம் மார்க்க வரலாற்றிலும் தமிழ் முஸ்லிம்களின் பண்பாட்டு வரலாற்றிலும் விடைகள் உள்ளன. அவற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

இத்பான் (ரலி) அவர்களின் வேண்டுகோள்

மதீனாவின் அன்ஸாரிகளில் ஒருவரும், பத்ரில் பங்கேற்றவருமான இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தார்கள். அவர்களுடைய பார்வை பழுதடைந்தது. மழை பெய்தால் அவர்களுக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள ஓடை பெருக்கெடுத்துவிடும். பள்ளிக்குச் செல்ல இயலாது. எனவே அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சென்று, தம் இல்லத்திற்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அதையே தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாக வேண்டினார்கள். நபியவர்கள் இன்ஷா அல்லாஹ் வருவதாகக் கூறி, மறுநாள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். அமர்வதற்கு முன்பே, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் காட்டிய இடத்தில் இரண்டு ரக்அத் தொழுதார்கள். பின்னர் இறைச்சியும் மாவும் சேர்த்துச் சமைத்த உணவு பரிமாறப்பட்டது. செய்தி அறிந்த அக்கம்பக்கத்தார் அவ்வீட்டில் வந்து கூடினர். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

வடகிழக்குப் பருவமழையில் சங்கராபரணி பெருகும்போது வில்லியனூரிலும், வயல் வரப்புகள் நீரில் மறையும்போது பாகூரிலும் வாழும் நமக்கு அந்த ஓடை அந்நியமன்று. இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தமக்கு எது தேவை என்பதைப் பார்வை மங்கியவரே சொன்னார். எந்த இடம் என்பதையும் அவரே தேர்ந்தார். அவர் வெளியே செல்ல முடியாதபோது மக்கள் அவர் வீட்டிற்கு வந்தனர். அன்று அவ்வீட்டில் தொழுகையும் இருந்தது, விருந்தும் இருந்தது, பேச்சும் இருந்தது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறோ இதன் மறுபக்கம். முற்றிலும் பார்வையற்ற அவர்கள், அழைத்து வர ஆளில்லை என்று கூறி வீட்டில் தொழ அனுமதி கேட்டார்கள். பாங்கொலி கேட்கிறதா என்று நபியவர்கள் வினவ, கேட்கிறது என்றார்கள். அப்படியானால் அழைப்புக்கு விடையளியுங்கள் என்ற பொருளில் பதில் கிடைத்தது. ஒருவருக்கு வீடு பள்ளியாயிற்று. மற்றொருவருக்குப் பள்ளியின் வாசல் திறந்தே இருக்க வேண்டுமென்று வலியுறுத்தப்பட்டது. இப்னு உம்மி மக்தூம் (ரலி) நபியவர்களின் முஅத்தின்களில் ஒருவராகவும் இருந்தார்கள். வைகறை வந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்டு அவர்கள் பாங்கு சொல்வார்கள். அடுத்தவர் கண்ணும் அவருடைய குரலும் சேர்ந்து ஒரு பணி நிறைவேறியது. இன்று நாம் பேசும் 'தகவமைப்பு' என்பது இதைத்தான்.

முதுமையில் பார்வை இழந்த அறிஞர்கள்

குர்ஆன் விளக்கத்தில் தலைசிறந்த இப்னு அப்பாஸ் (ரலி), நபிமொழிகளைப் பெருமளவில் அறிவித்த ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) ஆகிய இருவரும் முதுமையில் பார்வை இழந்தவர்களே. மக்கள் அவர்களிடம் வந்து கேட்பது அதனால் நின்றுவிடவில்லை. நபிமொழித் தொகுப்பாளர் இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களும் இறுதிக் காலத்தில் பார்வை இழந்தார்கள். அந்தலூசியாவில் 1144இல் பிறந்து கெய்ரோவில் 1194இல் மறைந்த பார்வையற்ற இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் இயற்றிய 1173 அடிகள் கொண்ட கவிதை, குர்ஆனின் ஏழு ஓதல் முறைகளைக் கற்பிப்பதற்காக இன்றும் மனனம் செய்யப்படுகிறது.

மற்றொருவர் நாம் பெரிதும் அறியாதவர். பக்தாதில் வாழ்ந்து 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஜைனுத்தீன் அல்ஆமிதீ (ரஹ்) பார்வையற்ற ஹன்பலி அறிஞர், நூல் வணிகர். ஒவ்வொரு நூலின் விலையையும் மறவாதிருக்க, மெல்லிய தாளைத் திரித்து எழுத்து வடிவாக்கி அட்டையின் உட்புறத்தில் ஒட்டி வைப்பார். பின்னர் விரலால் தடவி விலையை அறிவார். பார்வையற்ற பெருமக்களின் வாழ்க்கையை மட்டுமே தொகுத்து ஒரு நூல் எழுதிய அஸ்ஸஃபதீ (இறப்பு 1363) இதைப் பதிவு செய்திருக்கிறார். பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் தம் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டது 1829இல். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தம் கையிலிருந்த தாளைக் கொண்டு தமக்கான வழியைக் கண்டவர் அவர்.

தமிழ் முஸ்லிம்களின் கேட்டல் மரபு

நம் முன்னோருக்கு நூல் என்பது பெரும்பாலும் கண்ணால் வாசிப்பதன்று, காதால் கேட்பது. கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் பழமையானதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல் வினா விடையாக அமைந்தது. 'நூறு மசலா'வில் ஓர் இளவரசி புதிர்களாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. ஒருவர் இசையோடு ஓத, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் இரவுகளில் அமர்ந்து கேட்ட நூல் அது. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, மாலை என நம்மிடமுள்ள வடிவங்கள் பலவும் ஒருவர் சொல்லப் பலர் கேட்பதற்கு ஏற்றவை. அத்தகைய அவையில் கண் மங்கிய பெரியவர் குறையுடையவராகத் தெரிவதில்லை. அடுத்த பாடலை ஓதுபவர் மறந்தால் எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

தமிழின் பொதுமரபும் இதற்குச் சான்று. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து கற்றார் என்பது வழிவழிச் செய்தி. பழனியைச் சேர்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வை இழந்தும் பெரும்புலவரானார். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே வேளையில் கவனிக்கும் சதாவதானத்தை நிகழ்த்தினார். வினாக்களுக்கு விடையளித்துக்கொண்டே முதுகில் எறியப்படும் கற்களை எண்ணிச் சொல்வது அவதானக் கலையின் ஒரு பகுதி. தொடுதலும் நினைவும் சேர்ந்த ஒரு விளையாட்டே அது.

குழியும் சோழியும்

பொழுதுபோக்கில் எது ஆகும், எது ஆகாது என்ற ஐயம் நம் வீடுகளில் எழுவது இயல்பு. பிற்கால ஷாஃபிஈ சட்ட நூல்கள் இங்கே ஓர் அளவுகோலைத் தருகின்றன. பகடையைப் போலத் தற்செயலை நம்பும் ஆட்டம் விலக்கப்பட்டது. கணக்கையும் சிந்தனையையும் நம்பும் ஆட்டத்துக்கு இடமுண்டு. பணயம் வைப்பதும், தொழுகையை மறக்கச் செய்வதும் எந்த ஆட்டத்திலும் கூடாது. தாயக்கட்டையிலிருந்து பல்லாங்குழி வேறுபடுவது இதனால்தான். பல்லாங்குழியில் உருட்டுவது இல்லை, எண்ணுவதே உண்டு.

அரபு நாட்டிலும் இவ்வாட்டத்தின் உறவு உண்டு. 'இடம் மாற்றுதல்' என்ற பொருளுடைய அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது 'மன்கலா' என்னும் பெயர். கெய்ரோ மக்கள் பன்னிரண்டு குழிகளும் எழுபத்திரண்டு சோழிகளும் கொண்டு அதை ஆடியதை எட்வர்டு லேன் 1836இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். நம் பலகைக்குப் பதினான்கு குழிகள். கை குழியைத் தேடி அறிகிறது. விரல் காயை எண்ணுகிறது. பார்வை மங்கிய மூதாட்டிக்கென்று எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கரிய பலகையில் புளியங்கொட்டையை இட்டால் இருளில் இருள் மறையும். அதே பலகையில் வெண்சோழியை இட்டால் எஞ்சிய பார்வையும் துணை செய்யும். பக்கத்தில் அமர்ந்து ஆடப் பேரப்பிள்ளை ஒருவர் மட்டும் வேண்டும்.

வானொலி வந்த பின்

1934இல் எகிப்து வானொலி தொடங்கியபோது அதில் ஒலித்த குர்ஆன் ஓதல், பார்வையற்ற காரீ முஹம்மது ரிஃப்அத் (ரஹ்) அவர்களுடையது. புதுச்சேரியில் அகில இந்திய வானொலி நிலையம் 1967இல் வந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகள் தமிழகக் கரையோர வீடுகளை எட்டின. பின்னர் ஒலிநாடாக்கள் பயான்களைக் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் 1964இல் பிரெடெரிக் தார்ப் என்பவர் பார்வை மங்கிய முதியோருக்கெனப் பெரிய எழுத்து நூல்களை வெளியிடத் தொடங்கினார். பாளையங்கோட்டையில் 1890இலேயே பார்வையற்றோர் பள்ளி தோன்றியது; இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் அமைந்தது. ஆயினும் எழுபது வயதில் புதிதாகப் புள்ளி எழுத்து கற்பது எளிதன்று. நீண்ட நாள் சர்க்கரை நோயால் விரல்நுனி உணர்வு குன்றியவர்களுக்கு அது மேலும் கடினம். ஆகவே நம் பெரியோருக்கு முதல் வழி, எஞ்சிய பார்வையைப் பேணுவது. இரண்டாவது வழி, செவி.

நம் கொம்யூன்களில் செய்யத்தக்கவை

முதலில் மருத்துவம். வயதானால் கண் மங்கும் என்று விட்டுவிடலாகாது. கண்புரை, அறுவையால் நீங்கக்கூடியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மார் அல்மவ்ஸிலீ உள்ளீடற்ற ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். கண்நீர் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. ஆனால் இருப்பதைக் காக்கலாம். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இயங்குகிறது; கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் இவை எட்டாத தொலைவில் இல்லை.

அடுத்து வீடு. பெரியவரின் இருக்கையைச் சன்னலை நோக்கி வைக்காமல், வெளிச்சம் தோளுக்குப் பின்னிருந்து நூலின் மீது விழுமாறு வைப்போம். பெரிய எழுத்துக் குர்ஆன் பிரதியும் சாய்வான ரெஹலும் பலருக்கு மீண்டும் ஓதும் வாய்ப்பைத் தரும். அதுவும் இயலாதவருக்கு, தொட்ட இடத்தை ஓதிக்காட்டும் பேனா உண்டு, கைப்பேசியும் உண்டு. ஆனால் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு அகல்வது போதாது. விசைகளை அவர் விரல் பழகும் வரை உடனிருக்க வேண்டும்.

வீட்டிற்கு வெளியே பழைய மகிழ்ச்சிகளையும் மீட்கலாம். ஊசுட்டேரியில் பறவைகளைக் கண்ணால் பார்க்க இயலாதவர் விடிகாலையில் அவற்றின் குரலைக் கேட்கலாம். வயலில் உழைத்தவருக்கு மண்ணைத் தொடுவதே இன்பம். நான்கு தொட்டிகளில் புதினாவும் மல்லிகையும் இருந்தால் மணமே வழிகாட்டும்.

இனி மதரஸா. மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் இருவர் இருவராகத் தம் தெருவின் ஒரு பெரியவரிடம் சென்று இருபது நிமிடம் வாசித்துக் காட்டட்டும். ஒரு நாள் நபிமார் வரலாறு, ஒரு நாள் செய்தித்தாள், ஒரு நாள் சீறாப்புராணத்தின் சில பாடல்கள். பிள்ளை தவறாக ஓதினால் பெரியவர் திருத்துவார். வாரம் ஒருமுறை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு வீட்டில் கூடலாம். அடுத்த வாரம் மற்றொரு வீட்டில் கூடலாம். பெண்களுக்கும் இதுபோல் தனி அமர்வு அமையலாம். இதற்குக் கட்டடமும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம்.

கண்ணிரண்டையும் இழந்து பொறுமை காத்தவருக்குச் சுவனம் கூலியாகும் என்று நபிமொழி கூறுகிறது. பொறுமை அவர்களுடைய பங்கு. அதைக் காரணம் காட்டி நம் பங்கை நாம் விட்டுவிடலாகாது. இத்பான் (ரலி) அவர்களின் வீட்டிற்கு அண்ணலார் (ஸல்) நடந்து சென்றார்கள். நம் தெருவின் பெரியவர் வீட்டிற்கு நாம் நடக்க வேண்டிய தொலைவு அதனினும் குறைவு.

அல்லாஹ் நம் பெரியோரின் செவிகளையும் பார்வைகளையும் உள்ளங்களையும் ஒளிபெறச் செய்வானாக! அவர்களின் பொழுதைப் பயனுள்ளதாக்கும் பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக! ஆமீன்.