1,400 ஆண்டுக்கு முன்பே லஞ்சத்தைக் கிண்டலடித்த பல்லவ மன்னன்! ‘மத்தவிலாசம்’ சொல்வது என்ன?

செங்கல்பட்டு அருகே உள்ள வல்லம் குடைவரை, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட அந்த மன்னன் சமஸ்கிருதத்தில் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம்தான் ‘மத்தவிலாச பிரகசனம்’.

கதை என்ன?

குடிபோதையில் இருக்கும் காபாலிகன் சத்தியசோமனின் கபால ஓடு காணாமல் போகிறது. பழி, பிட்சு நாகசேனன் தலையில் விழுகிறது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மதுவை அனுமதிக்கும் மூலநூல் கிடைக்காதா என ஏங்குபவர். பாசுபதர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வருகிறார். கடைசியில் பார்த்தால், ஓட்டைத் தூக்கிட்டுப் போனது நாய்! அதை நாயிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தவன் ஒரு பித்தன்.

ஏன் முக்கியம்?

நீதிமன்றம் போகலாம் என்றதும் காபாலிகனின் துணைவி தேவசோமா மறுக்கிறாள். விகாரைப் பணம் வைத்திருப்பவர் அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவார், ஏழைகளான நம்மால் முடியுமா என்பதே அவள் கேள்வி. தன் தலைநகரத்து நீதி பற்றி ஒரு பெண் இப்படிக் கேட்பதாக எழுதியவர் நாட்டை ஆண்ட மன்னரே என்பதுதான் ஹைலைட்!