கொச்சி யூதரின் 400-ஆம் ஆண்டு விழா

யூபிலி என்னும் சொல் எபிரேய மக்கள் நமக்குத் தந்த சொல்லாகும். 'யோபேல்' என்றால் ஆட்டுக்கிடாயின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டில் அக்கொம்பு ஊதப்படும். அடிமைகள் விடுதலை பெறுவர். கைமாறிய நிலம் உரியவரிடம் திரும்பும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. இச்சொல்லைத் தந்த மக்கள் நமக்கு அருகிலுள்ள கேரளத்திலேயே எடுத்த ஒரு பெருவிழாவை நமது யூபிலி மலரில் நினைவுகூர்வது பொருத்தமே.

கொச்சி மட்டாஞ்சேரியில் 'பரதேசி செபக்கூடம்' என்னும் யூத ஆலயம் உள்ளது. 1568-இல் எழுப்பப்பட்டது. இதற்கு இடம் அளித்தவர் கொச்சி அரசர். அரண்மனைக் கோவிலும் செபக்கூடமும் அருகருகே நிற்பதை இன்றும் காணலாம். கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குப் பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய உரிமைகளை வழங்கிய செப்புப் பட்டயம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. யூதர் அதனைக் கண்ணெனக் காத்து வந்தனர்.

1968 டிசம்பரில் இச்செபக்கூடத்தின் 400-ஆம் ஆண்டு விழா நடைபெற்றது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கலந்துகொண்டார். அரசு சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. கொச்சி யூதரின் வரலாற்றைக் கூறும் பத்து ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஒரு நினைவு மலரும் பின்னர் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1950-களில், கேரள யூதருள் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். குறைந்துவரும் ஒரு சமூகம், தான் கற்றதையும் காத்ததையும் பிறர் அறிய எடுத்து வைத்த விழா அது.

கற்பதே அவர்களுக்குக் கொண்டாட்டம். 'சிம்ஹத் தோரா' என்னும் திருநாளில் மோயீசனின் திருச்சட்டத்தை ஆண்டு முழுவதும் வாசித்து முடித்து, அன்றே மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். கொச்சியில் திருச்சட்டச் சுருள்களைச் செபக்கூடத்திற்கு வெளியேயும் ஏந்தி வலம் வந்தனர். பெண்களோ திருமணங்களிலும் திருநாள்களிலும் பாடும் மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர். பிற்காலத்தில் அறிஞர் அவற்றைத் தேடித் தொகுத்தனர்.

வரலாற்றில் ஒளி மட்டுமா உண்டு? 1662-இல், டச்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்று போர்ச்சுக்கீசியர் இச்செபக்கூடத்தைச் சேதப்படுத்தினர். அவர்கள் நமது திருமறையினர் என்பதை நாம் மறைக்கலாகாது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதருக்கு எதிரான பகைமையை, எக்காலத்தில் எவர் செய்திருப்பினும், வருந்திக் கண்டித்தது. 1986-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் உரோமை நகர் யூத செபக்கூடத்திற்குச் சென்று, யூதரை நமது மூத்த சகோதரராக ஏற்றுப் பேசினார்.

யூதருக்குள்ளும் குறை இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்ட யூதருக்குப் பரதேசி செபக்கூடத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. அக்குலத்தில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகள் வழியில் செபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் சிறிது சிறிதாக விலகின. 400-ஆம் ஆண்டு விழாவைக் காணாமல் 1967-இல் அவர் மறைந்தார்.

இதை வாசிக்கும்போது நமக்கு வடக்கன்குளம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆலயத்துக்குள் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கல்சுவரை இடிப்பது எளிது. மனச்சுவர், கல்லறைத் தோட்டச் சுவர், தேர் வரும் தெருவின் சுவர் இவற்றை இடிப்பது யார்?

இன்று மட்டாஞ்சேரியில் சபை வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் உள்ளூர் யூதரில் இல்லை. கட்டடம் நிற்கிறது, பார்வையாளர் வந்து செல்கின்றனர். கட்டடம் மட்டும் மிஞ்சுவது பங்கு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, கொடியேற்றமும் தேர்பவனியும் சிறப்புற நடக்கட்டும். அதோடு, நம் பாட்டிமார் பாடும் பழைய ஞானப் பாடல்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். மூதாதையர் ஆலயம் கட்டிய கதையோடு, எவரை வெளியே நிறுத்தினோம் என்ற கதையையும் சொல்லிக்கொடுப்போம். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த கொம்பின் ஒலி நம் பங்கின் கடைசித் தெரு வரை கேட்குமாயின், அதுவே மெய்யான யூபிலி. இறைவன் அதற்கு அருள்புரிவாராக.