ஒரே பல்லவி, பல கைவண்ணம்

போட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் வெற்றி, தோல்வி என்னும் இரண்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதே போட்டியின் இலக்கணம் என்று கருதப் பழகிவிட்டோம். ஆயினும் இசையுலகில் வேறொரு வகைப் போட்டியும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சிறியதோர் இசைக் கருவை யாவருக்கும் பொதுவாக வைத்து, அதை அவரவர் தத்தம் கற்பனைக்கு ஏற்ப விரித்துக் காட்டுவதே அது. கரு ஒன்று, உருவம் பல. இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம். சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவருக்கு இதில் சிந்திக்கத் தக்க செய்தி ஒன்று இருக்கிறது.

ஆராய்ச்சியை மட்டாஞ்சேரியில் தொடங்குவது பொருந்தும். கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய இப்பகுதியில், கொச்சி மன்னருக்காகப் போர்த்துகீசியர் 1555-இல் கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது. அதன் அருகே 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இருக்கிறது. கொங்கணியரின் திருமலைக் கோயிலும், கச்சு முஸ்லிம்களின் பள்ளிவாசலும், குஜராத்தி வணிகரின் கடைவீதியும் ஒன்றையொன்று அடுத்துள்ளன. சிறிது தொலைவில், கொச்சிக் கோட்டைப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறியவர்களென்று கூறப்படும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. இத்தனை மொழியாரும் நெருங்கி வாழும் இடத்தில் இசை எப்படி ஒரே முகத்தோடு இருக்க இயலும்?

மட்டாஞ்சேரியின் மாலை நேர இசைக் கூட்டங்களுக்கு மெஹ்பில் என்று பெயர். தரையில் விரிப்பிட்டு அமர்ந்து, ஹார்மோனியமும் தபலாவும் துணை நிற்கப் பாடுவர். கஜல் இசையில் ஓர் அடியை ஒரு முறை பாடி நிறுத்துவது மரபன்று. அதே அடி மீண்டும் மீண்டும் வரும். வரும்போதெல்லாம் புதிய அணி பூண்டு வரும். இந்த மரபின் தாய்வீடான உருதுக் கவியரங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அரங்கம் கூடுமுன் ஓர் அடியை அறிவித்து விடுவர். அங்கு வரும் புலவர் அனைவரும் அவ்வடியின் சந்தத்திலும் எதுகையிலுமே தம் கவிதையைப் புனைந்து வர வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் நம் தமிழ்ப் புலவர் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது அன்றோ?

கருநாடக இசையில் இதற்கு இணையானது பல்லவி. பதம், லயம், விந்யாசம் என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே இப்பெயர் என்று விளக்கம் கூறுவர். ஒரே ஓர் அடி. அதற்கு ஒரு தாளம். அடியின் நடுவே அருதி என்னும் ஓர் ஓய்விடம். நிரவல் செய்யும் வித்துவான் சொற்களின் மேல் எத்தனை சுரக் கோவைகளையும் ஏற்றலாம். ஆனால் சொற்கள் தாளத்தில் தமக்குரிய இடத்தை விட்டு நகரக்கூடாது. தாளத்தை ஒரே நிலையில் நிறுத்திக்கொண்டு, அடியை இரட்டித்தும் நான்கு மடங்காக்கியும் பாடுவர். எது மாறக்கூடாதது, எது மாறலாம் என்ற எல்லை தெளிவாக இருப்பதால்தான் பலரும் ஒரே பல்லவியை எடுத்துப் பாட முடிகிறது.

இந்தப் பல்லவி ஒரு காலத்தில் போர்க்களமாகவும் இருந்தது. பொப்பிலி கேசவையா என்ற வித்துவான் சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்று, பிற வித்துவான்களை வாதுக்கு அழைத்து வென்று வந்தார் என்பது இசை மரபில் வழங்கும் கதை. உலகத்தையே பாயாகச் சுருட்டியவர் என்ற பொருளில் அவருக்குப் பட்டப் பெயரே உண்டு. தோற்றவர் தம் விருதையும் தம்பூரையும் இழக்க வேண்டியிருந்ததாம். அவர் தஞ்சைக்கு வந்தபோது அவரை எதிர்கொள்ளுமாறு சியாமா சாஸ்திரிகளை (1762–1827) வேண்டினர். கேசவையா 128 அட்சரங்கள் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் பாடினார் என்றும், சாஸ்திரிகள் 79 அட்சரங்கள் கொண்ட சரபநந்தன தாளத்தில் விடை தந்தார் என்றும் சொல்வர். சிங்கத்தைச் சரபம் அடக்கிற்று என்று ஊரார் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: தம்பூரைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பிய வித்துவான்களின் இசை என்னவாயிற்று? அவர்களுடைய மாணவர்கள் யாரிடம் போய்க் கற்றனர்? இக்கதைகள் வென்றவரைப் பற்றியே பேசுகின்றன.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஒன்றும் அதே காவிரிக் கரையில் நடந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜ சுவாமிகளைக் கண்டார். அப்போது சுவாமிகளின் சீடர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இராகத்தில் தாங்கள் ஏதேனும் செய்ததுண்டா என்று சுவாமிகள் வினவினார். பாரதியார் அப்போது மறுமொழி கூறவில்லை. மறுநாள் ஆபோகியிலேயே தில்லைச் சபாபதியைப் பற்றித் தமிழில் ஒரு கீர்த்தனை இயற்றி வந்து பாடினார். சுவாமிகளும் கேட்டு மகிழ்ந்தார் என்பது வரலாறு. இங்கே நடுவர் இல்லை, பரிசு இல்லை, எவரும் எதையும் இழக்கவில்லை. ஓர் இராகம், இரண்டு மொழிகள், இரண்டு பாடல்கள். இரண்டும் இன்றளவும் கச்சேரி மேடையில் வாழ்கின்றன.

கேரளத்திலிருந்தும் ஒருவர் திருவையாறு சென்றார். எர்ணாகுளம் மாவட்டத்து இராமமங்கலத்தில் பிறந்த கோவிந்த மாரார் அவர். ஆறு காலங்களிலும் பல்லவி பாட வல்லவராதலால் ஷட்கால கோவிந்த மாரார் என்று பெயர் பெற்றார். அவர் பாடக் கேட்டுத் தியாகராஜர் வியந்தார் என்ற செய்தி கேரளத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்நாட்டுக் கோயில்களில் மாலையில் நிகழும் தாயம்பகையிலும் இதே பண்பைக் காணலாம். இரட்டைத் தாயம்பகையில் இரண்டு செண்டைக் கலைஞர்கள் அடுத்தடுத்து நின்று, ஒரே தாளக் கட்டுக்குள், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கி வாசிப்பர். முன்னவர் ஏற்றிய இடத்துக்கு மேலே செல்லப் பின்னவர் முயல்வார். போட்டி என்னவோ கடுமைதான். ஆயினும் துணைத் தாளம் இருவருக்கும் பொதுவானது. அது குலைந்தால் இருவருக்கும் தோல்வியே.

மேலை நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. 1819-இல் வியன்னா நகரில் இசைநூல் வெளியிட்டு வந்த டியபெல்லி என்பவர், தாம் இயற்றிய சிறு நடன இசை ஒன்றைப் பல இசைவாணர்களுக்கு அனுப்பி, ஆளுக்கு ஒரு மாற்றுருவம் எழுதித் தருமாறு கேட்டார். ஷூபர்ட் எழுதினார், சிறுவனாயிருந்த லிஸ்ட்டும் எழுதினான். பேத்தோவன் மட்டும் ஒன்றோடு நில்லாமல் 33 மாற்றுருவங்களை இயற்றிவிட்டார். அவை 1823-இல் தனி நூலாயின. மற்ற ஐம்பதின்மர் எழுதியவை அடுத்த ஆண்டு ஒரே தொகுதியாக வந்தன. மூலக் கரு மிக எளியதுதான். அந்த எளிமையே பலருக்கும் இடம் கொடுத்தது.

1837-இல் பாரிஸ் நகரில் நடந்ததோ நமக்கு இன்னும் நெருக்கமானது. நாடு துறந்து அங்கே வாழ்ந்த இத்தாலியச் சீமாட்டி பெல்ஜியோயோசோ, வறுமையுற்ற இத்தாலிய அகதிகளுக்குப் பொருள் திரட்ட ஓர் இசை விழா ஏற்பாடு செய்தார். இத்தாலியரான பெல்லினியின் இசை நாடகத்திலிருந்து ஓர் அணிவகுப்புப் பாட்டைத் தேர்ந்து, லிஸ்ட், தால்பெர்க், ஷோபின் முதலிய பியானோக் கலைஞர் அறுவரிடம் தந்து, ஆளுக்கு ஒரு மாற்றுருவம் செய்யச் சொன்னார். அந்த நாளுக்குள் இசை முற்றுப்பெறவில்லை, பிறகே நிறைவேறியது. ஆனால் லிஸ்ட்டும் தால்பெர்க்கும் அவ்விழாவில் வாசித்தனர். இருவரில் யார் பெரியவர் என்று பாரிஸ் முழுவதும் வாதிட்ட நாளில், அந்த வாதத்தினால் திரண்ட பொருள் நாடிழந்தோர்க்குப் பயன்பட்டது.

இனி மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோம். இவ்வட்டாரத்தின் செல்லப் பாடகர் மெஹ்பூப் (1926–1981). 1951-இல் வெளிவந்த ஜீவிதநௌகா என்ற மலையாளப் படத்தில் அவர் பாடினார். புகழ் பெற்ற இந்தி மெட்டுகளில் மலையாளச் சொற்களை அமைப்பது அக்காலத்து வழக்கம். அப்படத்திலும் அவ்வாறே செய்தனர். 1954-இல் நீலக்குயில் வந்தது. கே. ராகவன் கேரளத்து நாட்டுப்புற இசையை அடியாகக் கொண்டு மெட்டமைத்தார். அதிலும் மெஹ்பூப் பாடினார். கடன் வாங்கிய மெட்டில் பழகிய குரல், சொந்த மெட்டு வந்தபோது அதையும் ஏற்றுக்கொண்டது. கொச்சிக் கோட்டைப் பகுதியில் 1936-இல் பிறந்த எம்.கே. அர்ஜுனன் இன்னொரு சான்று. இளமையில் வறுமையின் காரணமாகப் பழனியிலுள்ள ஓர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட அவர், அங்கேதான் இசை கற்றார். பின்னர் மலையாளத் திரையிசையில் புகழடைந்தார். அவர் அமைத்த மெட்டுகளுக்கு வாத்தியக் கோவை அமைத்துத் தந்தவர் சென்னையில் வாழ்ந்த ஆர்.கே. சேகர். மலையாளி தமிழகத்தில் கற்றதும், அவர் மெட்டுக்குத் தமிழர் அணி பூட்டியதும் ஒரே பல்லவியின் இரு நிரவல்கள் என்று கொள்ளலாம்.

மட்டாஞ்சேரி வேறொரு பாடத்தையும் நமக்குக் கற்பிக்கிறது. 1948-க்குப் பின் இவ்வூர் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடைய பெண்கள் மலையாளத்தில் பாடி வந்த திருமணப் பாடல்களும் திருவிழாப் பாடல்களும் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. பெண்கள் அவற்றைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்திருந்தனர். கூடிப் பாடிக்கொண்டும் இருந்தனர். 2004-இல் எருசலேமில் அவை ஒலிப்பதிவாக வெளிவந்தன. ஆட்கள் போன பின்னும் பாட்டு எஞ்சியதற்குக் காரணம், அது ஒருவருடைய உடைமையாக இல்லாமல் பலருடைய வாயில் இருந்ததே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த உண்மை நாள்தோறும் புலப்படுகிறது. ஒரே மூலத்தைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்து நடைகள் பிறக்கும்; பொருள் என்னும் அருதி மட்டும் இடம் பெயரக்கூடாது.

வெளி மாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாக்களில் இசைப் போட்டிகள் நடத்துகின்றன. மனப்பாடம் செய்ததைப் பிழையின்றி ஒப்புவிக்கும் குழந்தைக்குப் பரிசு கிடைக்கிறது. மற்றக் குழந்தைகள் வாடிய முகத்தோடு வீடு செல்கின்றனர். அடுத்த ஆண்டு சிலர் வருவதில்லை. வீட்டில் தமிழும் தெருவில் பிறமொழியும் கேட்டு வளரும் அப்பிள்ளைகள் நம் இசையோடு கொண்டுள்ள தொடர்பு ஏற்கெனவே மெல்லியது. அதை ஒரு பரிசுக் கோப்பைக்காக அறுத்துவிடலாமா?

ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு சிறு மெட்டை அறிவிக்கட்டும். தாலாட்டாகவோ காவடிச் சிந்தாகவோ இருக்கலாம். எது மாறக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதைப் பிள்ளைகளிடம் விடட்டும். ஒருவன் தபலாவோடு பாடுவான். ஒருத்தி கிதாரில் மீட்டுவாள். இன்னொருத்தி அண்டை வீட்டு மொழியில் ஓர் அடி சேர்ப்பாள். எல்லாரும் தம் கைவண்ணத்தைக் காட்டியபின் மூல மெட்டை யாவரும் சேர்ந்து ஒரு முறை பாடட்டும். அருதி சரியான இடத்தில் விழுகிறதா என்று மட்டும் பெரியவர்கள் தாளம் போட்டுக் கவனித்தால் போதும்.