காலைத் தானியமும் இரத்தச் சர்க்கரையும்

பெட்டியில் அடைத்து விற்கப்படும் காலைத் தானிய உணவு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், இயற்கை மருத்துவ விடுதிகளில் பிறந்தது. 1863இல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் உருவாக்கிய ‘கிரானுலா’ கல் போலக் கெட்டியானது. இரவே பாலில் ஊறப்போட்டால்தான் காலையில் மெல்ல முடியும். 1894இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் கெல்லாக் சகோதரர்கள், வேகவைத்து ஆறிப்போன கோதுமையை உருளைகளுக்கு இடையே செலுத்த, ஒவ்வொரு மணியும் அவல்போலத் தட்டையாக வந்தது. பின்னர் மக்காச்சோளத்துக்கும் இதே முறை கையாளப்பட்டு, கார்ன்ஃபிளேக்ஸ் உருவானது. 1906இல் இளையவர் வில் கீத் தனி நிறுவனம் தொடங்கினார். 1939இல் இனிப்பு பூசிய தானியமும் சந்தைக்கு வந்தது.

ஊறவைக்கும் வேலை ஒழிந்தது, செரிமானமும் விரைவானது. வேகவைத்து, நசுக்கி, வறுத்த தானியத்தின் மாவுச்சத்து குடலில் சீக்கிரமே குளுக்கோஸாகிவிடுகிறது. 1981இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு வெளியிட்ட கிளைசெமிக் குறியீடு, ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை எண்ணால் காட்டியது. குளுக்கோஸ் 100 என்றால் கார்ன்ஃபிளேக்ஸ் சுமார் 80. ஓட்ஸ் கஞ்சி சுமார் 55. இரத்தச் சர்க்கரை சட்டென ஏறாமலிருக்க, தவிடு நீக்காத, இனிப்பு சேராத, குறைவாகப் பதப்படுத்திய தானியமே ஏற்றது. அதையும் அளவோடு உண்ண வேண்டும்.