பறவை பார்த்த நண்பர்களும் அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும்

பொழுதுபோக்கு என்ற சொல்லை நம்மவர் சற்று இளக்காரமாகவே பயன்படுத்துவர். உத்தியோகம், வீடு வாசல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்தபின் நேரம் மிஞ்சினால் செய்வது என்பதே அதன் பொருள். நான்கைந்து நண்பர்கள் ஒரு வானை வாடகைக்கு அமர்த்தி, இரவெல்லாம் பயணம் செய்து, குளக்கரைச் சேற்றில் படுத்துக்கிடந்து ஒரு நாரையைப் படமெடுத்துத் திரும்புவதை 'வேலையற்ற வேலை' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இலங்கைப் பறவைகளைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அந்த வேலையற்ற வேலையால் வந்தது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. நகரம் அச்சத்தில் உறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் இந்நாட்டில் இரண்டு நண்பர் குழாங்கள் தோன்றின. ஒன்று, புகைப்படக் கலைஞரும் பியானோ விற்பன்னருமான லயனல் வென்ட்டின் கறுவாத்தோட்டத்து இல்லத்தில் 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி கூடிய '43 குழு'. ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியர்கள் அதிலே இருந்தனர். மற்றையது இலங்கைப் பறவைக் கழகம். ஓவியக்குழு புகழ்பெற்றது. பறவைக் கழகத்தைப் பலர் அறியார்.

இக்கழகத்துக்கு வித்திட்டவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தோட்டத்துரை. இலங்கையின் பாலூட்டிகள் பற்றி 1935இல் பெருநூல் எழுதியவர். உறுப்பினர்கள் தாங்கள் கண்ட பறவைகளை, நாளும் இடமும் குறித்து எழுதி அனுப்புவர். அவை தொகுக்கப்பட்டு மாதாந்தக் குறிப்புகளாக எல்லோருக்கும் போய்ச் சேரும். மலையகத்துத் தோட்டத்தில் இருந்தவரும் தாழ்நில வனத்தோரத்தில் இருந்தவரும் கடிதத்தாலேயே ஒரு சபையில் அமர்ந்தனர். கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தாமே ஓவியங்கள் வரைந்து 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் வழிகாட்டி நூல், இத்தகைய ஆர்வலர் பலருக்கு வேதமாயிற்று.

முகம் பாராது நட்புக்கொள்வது தமிழருக்குப் புதிதன்று. பாண்டிநாட்டுப் பிசிராந்தையார், தாம் கண்டிராத கோப்பெருஞ்சோழனைத் தம் நண்பராகக் கொண்டவர். குமரித்துறையில் இரை உண்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலிடம், வழியில் உறையூரில் இறங்கித் தம் பெயரைச் சொல்லுமாறு அவர் வேண்டுவதைப் புறநானூற்றில் காணலாம். பருவந்தோறும் வந்துபோகும் பறவையின் வழித்தடத்தை உற்றுப் பார்த்த ஒருவராலன்றி அவ்வாறு பாட இயலாது என்பது என் எண்ணம்.

அதே போர்க்காலம் இன்னொரு நட்பையும் உண்டாக்கியது. சிங்கப்பூர்த் திரையரங்க அதிபர் லோக் வான் தோ, 1942இல் ஜப்பானியரிடமிருந்து தப்பியோடுகையில் கப்பல் குண்டுவீச்சுக்குள்ளாகிக் காயமுற்று, இறுதியில் இந்தியா சேர்ந்தார். அங்கே சலீம் அலி அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து பயணம் போயினர். ஒருவர் குறிப்பெடுக்க, மற்றவர் படமெடுத்தார். 1957இல் வெளிவந்த லோக்கின் பறவைப் படநூல், அகதியாய் வந்த செல்வந்தருக்குக் கிடைத்த அந்த நட்பின் பேறு. 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார். படங்கள் நிலைத்தன.

படம் மட்டும் இருந்தால் போதாது, அதைப் பேணுவோரும் வேண்டும். லயனல் வென்ட் 1944 டிசம்பரில் காலமானபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய அச்சுப் பிரதிகளைக் கொண்டு 1950இல் ஒரு தொகுப்பு வெளியானதால்தான் அவர் கண்ட இலங்கையை நாம் இன்று காண்கிறோம்.

பறவைக் கழகத்துக்கு வருவோம். அதை நெடுங்காலம் வழிநடத்தியவர் தீலோ ஹொவ்மன் என்ற சுவிற்சர்லாந்துக்காரர். 1970களில் சிங்கராஜ வனத்தில் மரம் தறிப்பதை எதிர்த்துப் போராடியவர். கழகத்தைச் சேர்ந்த தீபால் வரக்காகொட 1995இல் கித்துல்கல காட்டில் ஓர் இனந்தெரியாத குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய சிற்றாந்தையை அவர் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜவில். 1868க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவையினம் அது. 2004இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது ஹொவ்மனின் பெயரையே இட்டனர். ஒரு பொழுதுபோக்கு நண்பனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

எங்களுக்கு வாய்த்த காலம் வேறு. பம்பலப்பிட்டியில் கடலோரத் தண்டவாளத்துக்கு அருகே குடியிருந்த நண்பர் சிலர் நாங்கள். பத்திரிகைக்காரர், வங்கியாளர், ஆசிரியர் எனத் தொழில் பலவாயினும் கமெராவும் பயணமும் எங்களை இணைத்தன. குளிர்காலத்தில் ஆலாக்கள் வந்திறங்குவதைப் பார்க்கக் காசு தேவையில்லை. ஆனால் 1983 யூலைக்குப் பின் எங்கள் வட்டம் மெல்லக் கரைந்தது. ஒருவர் ரொறன்ரோ சென்றார், ஒருவர் லண்டன், ஒருவர் மெல்பேண். வில்பத்து 1980களில் மூடப்பட்டது. 2003இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்நாட்களில் தொலைநோக்கியுடன் சோதனைச் சாவடியில் நிற்கும் தமிழன், தான் பார்க்க வந்தது கொக்கைத்தான் என்று சொன்னால் யார் நம்புவார்? எங்கள் தொலைநோக்கிகள் அலுமாரியிற் கிடந்தன.

வடக்கும் மன்னாரும் இவ்வாறு எங்கள் குறிப்பேடுகளில் வெற்றுப் பக்கங்களாயின. பறவைகள் வராமல் விடவில்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வான்வழி முடியும் முனைகளில் ஒன்று மன்னார். பூநாரைகள் ஆண்டுதோறும் அங்கு கூடின. பார்த்து எழுதப் போகத்தான் எங்களால் இயலவில்லை.

வெற்றுப் பக்கத்தின் விலை பின்னரே தெரிகிறது. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2020இல் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. மேலும் பெரிய அதானி காற்றாலைத் திட்டம் வந்தபோது, 1894இல் தொடங்கப்பட்ட வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உள்ளிட்டோர் 2024இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை நாடினர். மின்கட்டணம் பற்றிய இழுபறிக்கிடையே 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்தில் பறவைகள் பறக்கின்றன என்ற கேள்விதான் எழுந்தது. அதற்கு விடை சொல்ல ஆண்டாண்டாய் எழுதப்பட்ட குறிப்புகள் வேண்டும். ஒரு பருவத்து ஆய்வு அதற்குப் போதாது.

உலகெங்கும் சிதறிய நம் நண்பர் வட்டங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. படங்களைப் பகிருங்கள், பயணம் போங்கள். ஆனால் எடுத்த படத்தின் கீழ் நாளையும் இடத்தையும் எழுதுங்கள். அவ்விடத்தவர் அப்பறவைக்கு வழங்கும் தமிழ்ப் பெயரைக் கேட்டுக் குறியுங்கள். 1943இல் தோட்டத்துரைகள் எழுதிய கடிதங்களில் அந்தப் பெயர்களைத் தேடிப் பயனில்லை. அவற்றை எழுதவேண்டியவர்கள் நாம்தான்.