புற்றுநோய்க் கூட்டுமருத்துவத்தில் பாலிமர் நானோதுகள்கள்

பல மருந்துகளை ஒருசேரக் கொடுத்துப் புற்றணுக்களைத் தாக்கும் முறை 1960-களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வேரூன்றியது. ஒன்றுக்குத் தப்பிய அணு இன்னொன்றில் சிக்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஒரே வேளையில் நரம்பில் ஏற்றிய மருந்துகள் உடலுக்குள் ஒன்றாகப் பயணிப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் பரவி, தன் வேகத்தில் வெளியேறுகிறது. சோதனைக்கூடத் தட்டில் பலித்த விகிதம் நோயுள்ள இடத்தைச் சேர்வதற்குள் குலைந்துவிடுகிறது. இந்த விகிதத்தையும் மருந்துகள் வேலைசெய்யும் வரிசையையும் காப்பதே நானோதுகளின் முதன்மைப் பயன். கட்டியைத் தேடிச் சேர்வது அடுத்தபடிதான்.

இத்துறையோ நெடுங்காலம் சேர்வதைப் பற்றியே கவலைப்பட்டது. பாலிமர்ச் சங்கிலியில் மருந்தையும் இலக்கறியும் மூலக்கூறையும் தொங்கவிடலாம் என்று ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் 1975-இல் வரைந்து காட்டினார். கட்டிகளின் ரத்தக்குழாய்கள் கசிவுள்ளவை, பெரிய மூலக்கூறுகள் அங்கே தேங்கும் என்று ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் 1986-இல் காட்டினர். 1994-இல் கிரெஃப், லாங்கர் குழு பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்திய துகளை ரத்தத்தில் நெடுநேரம் உலவச் செய்தது.

2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சிலாதித்ய சென்குப்தா, ராம் சசிசேகரன் குழு உருவாக்கிய ‘நானோசெல்’ வேறு திசையைக் காட்டியது. கொழுப்புறைக்குள் ஒரு பாலிமர்க் கரு. உறையிலுள்ள காம்ப்ரெட்டாஸ்டாட்டின் என்ற மருந்து முதலில் கசிந்து கட்டியின் ரத்தக்குழாய்களைச் சரிக்கிறது. வழி அடைபட, துகள் உள்ளேயே அகப்படுகிறது. பிறகு கருவின் பாலிமர் சிதையச் சிதைய, அதில் பிணைத்திருந்த, புற்றணுக்களைக் கொல்லும் டாக்ஸோரூபிசின் மெல்ல விடுபடுகிறது. வரிசை மாறினால் பயனில்லை: துகள் உள்ளே நுழையும் முன்பே குழாய் அடைபட்டிருந்தால், பின்னால் வரும் மருந்துக்கு வழியே இராது. எலிகளில் மட்டுமே கண்டது என்றாலும் இந்த யோசனையின் அழகு வியக்கவைக்கிறது.

ஏற்றிய அளவில் கட்டியைச் சேர்வதன் இடைநிலை மதிப்பு 0.7 விழுக்காடுதான் என்று 2016-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பிறகு துகள் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் சேரும் அளவு சிறிதென்பதால் விகிதத்தின் மதிப்பு குறைந்துவிடாது. சைட்டராபினையும் டௌனோரூபிசினையும் 5:1 மோலார் விகிதத்தில் அடைத்த வைக்ஸியோஸ் என்ற துகள்மருந்து 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 60 முதல் 75 வயதுள்ள, தீவிர ரத்தப் புற்றுநோயாளர் 309 பேரிடம் நடந்த சோதனையில், அதே இரு மருந்துகளைத் தனித்தனியே பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 5.95 மாதம், துகளாகப் பெற்றவர்களுக்கு 9.56 மாதம். ரத்தப் புற்றுநோயில் கசியும் கட்டி என்று ஒன்றில்லை. மருந்து நெடுநேரம் தங்கியதும் காரணமாகலாம் என்பது சரியான மறுப்பு. ஆயினும் இரு மருந்துகளும் சேர்ந்தே தங்கின என்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

வைக்ஸியோஸ் கொழுப்புத் துகள், பாலிமர் அல்ல. விகிதத்தைக் கொழுப்புறையே காக்கும். ஆனால் நாள்கணக்கில் வரிசையை வகுக்கப் பாலிமர்தான் ஏற்றது. தானாகக் கரையும் தையல் நூலின் குடும்பத்தைச் சேர்ந்த பி.எல்.ஜி.ஏ. பாலிமரில் லாக்டிக், கிளைக்காலிக் பங்குகள் 50:50 என்றால் ஓரிரு மாதங்களில் சிதையும். 85:15 என்றால் ஐந்தாறு மாதம் தாங்கும்.